நரம்பு நோய் உள்ளவருக்கு அறுவை சிகிச்சை: மயக்க மருந்தைவிட எதைக் கவனிக்க வேண்டும்?

இரவுப்பணி எழுதியது:

மயக்கவியல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம், மையஸ்தீனியா (தசை சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) என்று ஏற்கெனவே ஒரு நரம்பு நோயோடு இருப்பவருக்கு வேறு ஏதோ காரணத்துக்காக அறுவை சிகிச்சை என்றால், வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "மயக்கம் தெளிஞ்சிடுமா டாக்டர்? மூளைக்கு ஒன்னும் ஆகாதே?"

பெரும்பாலும் நன்றாகவே தெளிந்துவிடும். இன்றைய மயக்க மருந்துகள் உடம்பை விட்டு வேகமாகப் போகிறவை. என் கவலை வேறு. முந்தின இரவோடு நின்றுபோன மாத்திரை ஒன்று. தசையைத் தளர்த்த எந்த மருந்தை எடுக்கிறோம் என்பது இன்னொன்று. மூன்றாவது, மூச்சுக்குழாயில் வைத்த டியூபை எடுத்த பிறகு வரும் முதல் இரவு. எச்சிலை விழுங்க, சளியை இருமித் துப்ப, மூச்சை ஆழமாக இழுக்க அவருக்குத் தெம்பு இருக்கிறதா? நான் பார்த்தவரை நரம்பு நோயாளிகள் சிக்கலில் மாட்டுவது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றில்தான். தியேட்டருக்குள் நாங்கள் தலைமாட்டிலேயே நிற்கிறோம், மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வார்டில் அந்த வசதி கிடையாது.

பார்க்கின்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான முக்கிய மருந்து லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். நள்ளிரவுக்கு மேல் வாயில் எதுவும் கூடாது என்று எழுதிவிட்டு, காலை எட்டு மணிக் கேஸ் மதியம் இரண்டுக்குத் தள்ளிப்போனால், அவர் விறைத்துப் போய்த்தான் தியேட்டருக்கு வருவார். நெஞ்சுத் தசையும் சேர்ந்து விறைக்கும். விழுங்குவது கெட்டு எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். இன்னும் நீண்ட நேரம் மருந்து போகவில்லை என்றால் கடும் காய்ச்சல், விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

பட்டினி விதி என்ன சொல்கிறது? திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். அவசியமான மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்குவதை அது தடுக்கவே இல்லை.

சந்தேகங்களை எழுதுங்கள். ஆனால் இன்னாருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று இங்கே சொல்ல மாட்டேன். அது அவரை நேரில் பார்க்கும் டாக்டரின் வேலை.


சாய்நாற்காலி எழுதியது:

அப்பாவுக்குப் பல வருடமாகப் பார்க்கின்சன். இப்போது கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. இன்னும் இரண்டு நாளில் ஆபரேஷன் என்கிறார்கள். முன்பு ஒரு தடவை குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, முடிந்த அன்று சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். வாந்தி வந்தது, ஏதோ ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்துவிட்டார். கண் இமைகூட அசையவில்லை, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. "மயக்கம் இன்னும் முழுசாத் தெளியலை" என்றார்கள். சாயங்காலம் பேசியவருக்கு ராத்திரி எப்படி மயக்கம் திரும்ப வரும்? அது என்ன ஊசியாக இருக்கும்?


இரவுப்பணி எழுதியது:

//வாந்தி வந்தது, ஏதோ ஊசி போட்டார்கள்//

சீட்டைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மெட்டோகுளோப்ரமைடு மீதுதான் சந்தேகம் போகிறது. வாந்திக்கு எல்லா இடத்திலும் கைக்கெட்டும் மருந்து அது. மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். பார்க்கின்சன் உள்ளவருக்கு ஏற்கெனவே டோபமின் பற்றாக்குறை, அதற்கு மேல் இது. புரோகுளோர்பெரசின், டிரோபெரிடால், ஹாலோபெரிடால் மூன்றும் இதே வகைதான்.

அவர்களுக்கு வாந்திக்கு ஓண்டான்செட்ரான் கொடுக்கலாம். பார்க்கின்சனுக்கே தரும் அபோமார்ஃபின் எடுப்பவர் என்றால் மட்டும் அதுவும் கூடாது, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும். டொம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாக நுழையாததால் பல இடங்களில் அதைத் தருகிறார்கள், இதயத் துடிப்பில் கோளாறு இல்லாத பட்சத்தில்.

அப்புறம் இடுப்பு எலும்பு முறிவு என்றாலே ஆபரேஷனுக்குப் பின் ராத்திரியில் குழப்பம் வருவது வயதானவர்களிடம் சகஜம். "அப்பா கத்துறார், ட்யூபைப் பிடுங்குறார்" என்றதும் டியூட்டியில் இருப்பவர் ஹாலோபெரிடால் எழுதிவிடுவார். பழக்க தோஷம். இப்போதே கேஸ் ஷீட்டின் முகப்பில், ஒவ்வாமை எழுதும் இடத்தில், இந்த நான்கு பெயரையும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வாமை இல்லைதான், ஆனால் எல்லாரும் கண்ணை ஓட்டும் இடம் அது.

அவர் பார்க்கின்சனுக்காக செலிஜிலின் அல்லது ரசாஜிலின் எடுக்கிறாரா? எடுத்தால் வலி மருந்துகளில் பெதிடினும் டிரமடாலும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


வார்டு_அக்கா எழுதியது:

டாக்டர் சொன்னதோடு எங்கள் பக்கத்து நடைமுறையையும் சொல்கிறேன். மருந்து நேரத்தை வார்டில் நாங்கள் எங்கள் ரவுண்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுவோம். "ஒரு நாளைக்கு மூன்று வேளை" என்று சீட்டில் இருந்தால் 6, 2, 10. முக்கால்வாசிப் பேருக்கு அது போதும். பார்க்கின்சன்காரர் வீட்டில் 5.30க்கு ஒன்று, 9 மணிக்கு ஒன்றரை, 12.30க்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதை 6, 2, 10 ஆக்கினால் பதினொரு மணிக்கே கட்டில் கம்பியை விட முடியாமல் கிடப்பார்.

அதனால் சகோ, "மூன்று வேளை" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்று மணிக்கணக்கோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள். மாத்திரையையும் கையோடு எடுத்து வாருங்கள், ஸ்டோரில் அதே அளவு இருக்காது. விழுங்க முடியாத நிலை வந்தால் மூக்குக் குழாய் வழியாகக் கரைத்துக் கொடுக்கலாமா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் யாரும் பொடிக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே அடியாக இறங்கிவிடும்.


முதுகெலும்பு எழுதியது:

நான் எலும்பு முறிவுப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? முதுகில் ஒரு ஊசி போட்டால் முடிந்தது. டியூப் இல்லை, தசை தளர்த்தி இல்லை, வாந்தியும் குறைவு. நரம்பு நோயாளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பைனல்தான் என்று எங்கள் சார் சொல்வார்.


இரவுப்பணி எழுதியது:

//கண்ணை மூடிக்கொண்டு//

இந்தத் தொழிலில் அந்த ஒன்றை மட்டும் செய்ய முடியாது தம்பி. :)

பார்க்கின்சனுக்கு ஸ்பைனல் நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் விழித்திருப்பார், ஆபரேஷன் முடிந்த கையோடு மாத்திரையை விழுங்குவார். ஆனால் நோய் முற்றியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் தன்னியக்க நரம்புகளும் பழுதாகியிருக்கும். ஸ்பைனல் போட்டதும் அழுத்தம் சரியும்போது ஈடுகட்ட உள்ளே ஆள் இருக்காது. நடுக்கம் அதிகமாக இருந்தால், விழித்திருக்கும்போதே செய்யும் கண் அறுவை சிகிச்சைகூடச் சிரமம். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும் கட்டி உள்ளவருக்கோ ஸ்பைனல் கூடவே கூடாது. கீழே நீர் கசிந்தால் மேலே மூளை இறங்கிவிடும். ஆனால் கட்டி எதுவும் இல்லாமல் தலைக்குள் அழுத்தம் ஏறும் ஒரு நோய் இருக்கிறது. அதற்கு முதுகில் ஊசி குத்தி நீரை எடுப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.


கேள்விக்குறி எழுதியது:

எங்கள் குடும்பத்தில் முதுகு ஊசி என்றாலே எல்லாரும் ஓடுவார்கள். ஏற்கெனவே நரம்பு கெட்டவருக்கு அங்கேயே குத்தினால் கால் விளங்காமல் போகும் என்று பெரியவர்கள் சொல்வதில் கொஞ்சமும் உண்மை இல்லையா?


இரவுப்பணி எழுதியது:

அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில், ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில் ஸ்பைனல் போடப்பட்ட இரண்டு பேருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. வூலி, ரோ என்பவர்கள். இரண்டு பேருக்கும் அதற்கு முன் நரம்பு நோய் எதுவும் கிடையாது, சிறிய ஆபரேஷனுக்குப் போனவர்கள். மருந்துக் குப்பிகளை ஃபீனால் என்ற கிருமிநாசினியில் ஊறப்போடும் வழக்கம் அன்று இருந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே ஃபீனால் உள்ளே போயிருக்கும் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் கறை நீக்கப் போட்ட அமிலம்தான் காரணம் என்று பிற்காலத்தில் வேறு சிலர் வாதிட்டார்கள். எப்படியிருந்தாலும் பழி மருந்தின் மீது இல்லை, அதில் கலந்த அசுத்தத்தின் மீது. 1954 மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிங், 1947இல் நடந்ததை 1954ஆம் வருடத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூடாது என்று சொல்லி மருத்துவர் மீது கவனக்குறைவு இல்லை என்றார். ஆனால் பிரிட்டனில் ஸ்பைனல் பல வருடங்களுக்கு ஏறக்குறைய வழக்கொழிந்தே போனது.

இன்றைக்கு ஒரே தடவை பயன்படுத்தி எறியும் ஊசிகள். பழைய பயத்துக்கு அந்த வகையில் இடமில்லை. "ஏற்கெனவே நரம்பு கெட்டவருக்கு" என்று நீங்கள் கேட்ட பாதிக்கு மட்டும் இன்னும் முழுப் பதில் இல்லை. ஒரு இடத்தில் ஏற்கெனவே அடிபட்ட நரம்பு, இன்னொரு இடத்தில் ஒரு சின்ன அடியைக்கூடத் தாங்காமல் போகலாம் என்ற கருத்து 1973 முதல் பேசப்படுகிறது. அதனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு மருந்தளவில் கை இறுக்கமாக இருப்போம். அதைவிட முக்கியம், ஊசிக்கு முன் எந்தக் கால் எவ்வளவு பலவீனம், எங்கே மரமரப்பு என்று எழுதிவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பழைய பலவீனமும் ஊசியின் கணக்கில் ஏறிவிடும்.


நீலக்குடை எழுதியது:

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை உரியும் நோய். கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவ வலிக்கு எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே போடும் முதுகு ஊசி) போடலாம் என்று ஒரு டாக்டர், நோய் திரும்பக் கிளம்பும், வேண்டாம் என்று இன்னொருவர். நான் யார் பேச்சைக் கேட்பது?


இரவுப்பணி எழுதியது:

முதலில் வாழ்த்துகள்.

இதற்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் ஐரோப்பாவின் 12 நாடுகளில் இந்த நோயுள்ள 254 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நோய்த்தாக்கம் குறைகிறது. குழந்தை பிறந்த பின் முதல் மூன்று மாதங்களில் ஏறுகிறது. எபிடியூரல் போட்டவர், போடாதவர் என்று பிரித்துப் பார்த்ததில் அதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. அதாவது எபிடியூரல் போட்டுக்கொண்டாலும் போடாவிட்டாலும் பிரசவத்துக்குப் பின் நோய் கிளம்பும் வாய்ப்பு இருக்கிறது. கிளம்பினால் ஊசி மீது பழி விழும். உங்கள் இரண்டாவது டாக்டரின் தயக்கத்துக்குப் பின்னால் அந்த பயமும் இருக்கலாம்.

ஸ்பைனலில் மருந்து நேரடியாகத் தண்டுவட நீரில் கலக்கிறது, உறை உரிந்த நரம்பைக் கூடுதலாகத் தொடும் என்று சிலர் எபிடியூரலை விரும்புகிறார்கள். ஸ்பைனலையும் பலர் பிரச்சினையில்லாமல் போட்டுவருகிறார்கள். என் கணிப்பில் எபிடியூரலை மறுக்க இந்த நோய் ஒரு காரணமில்லை.

உங்களுக்கு வெப்பம்தான் எதிரி. உடல் சூடு அரை டிகிரி, ஒரு டிகிரி ஏறினாலே பழைய அறிகுறிகள் தலைகாட்டும். உடற்பயிற்சி செய்ததும் பார்வை மங்குவதை ஊட்ஹோஃப் என்பவர் 1890லேயே கவனித்து எழுதினார். காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். விறைப்புக்கு பேக்லோஃபென் எடுப்பவராக இருந்தால் அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.


நீலக்குடை எழுதியது:

நன்றி டாக்டர். அந்த இரண்டாவது டாக்டரிடம் இதை அப்படியே காட்டப் போகிறேன்.


கோடைமழை எழுதியது:

மையஸ்தீனியா கிராவிஸ் ஆள் ஒருத்தி இங்கே இருக்கிறேன். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை நீக்கும் ஆபரேஷன் முடிந்தாயிற்று. நான் சந்தித்த குழப்பம்: ஆபரேஷன் அன்று காலை பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போடலாம் என்று நரம்பியல் டாக்டர் சொன்னார், வேண்டாம் என்று மயக்க மருத்துவர் சொன்னார். இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே போனில் பேசி முடிவுக்கு வந்தார்கள். கடைசியில் போட்டேன். ஏன் இந்த இழுபறி என்று இன்றுவரை புரியவில்லை.


இரவுப்பணி எழுதியது:

உங்களுக்கு முன்னாலேயே பேசினார்கள் பாருங்கள், நல்ல டாக்டர்கள்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உங்கள் உடலின் எதிர்ப்பொருள்களே அழித்துவிட்டன. பைரிடோஸ்டிக்மின் அந்தத் தூதுப்பொருள் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. நாங்கள் தசை தளர்த்த ரோகுரோனியம் போன்றவற்றைப் போட்டால் மிச்சமிருக்கிற கொஞ்ச ஏற்பிகளும் அடைபடும். அதனால் மற்றவருக்குப் போடும் அளவில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். இன்னொரு தசை தளர்த்தியான சக்சினைல்கோலின் கதை தலைகீழ். அது வேலை செய்யவே ஏற்பி வேண்டும், ஆகவே உங்களுக்கு அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பைரிடோஸ்டிக்மின் போட்டிருந்தால் அதே சக்சினைல்கோலின் சிதையாமல் நீண்ட நேரம் தங்கும். காலை மாத்திரை கூடாது என்பவர் யோசிப்பது இதை. போடு என்பவர் யோசிப்பது, மாத்திரை இல்லாமல் தியேட்டருக்கு வரும்போதே நீங்கள் மூச்சுக்குத் திணறக் கூடாதே என்பதை. இன்று பெரும்பாலும் போடச் சொல்கிறோம்.

ரோகுரோனியத்தை அப்படியே சுற்றி வளைத்து இழுத்துக்கொண்டு போகும் சுகமாடெக்ஸ் வந்த பிறகு எங்கள் தூக்கம் கொஞ்சம் நிம்மதியாகியிருக்கிறது. பழைய முறையில் தளர்த்தியை முறிக்க நியோஸ்டிக்மின் கொடுத்தால், அதுவும் உங்கள் பைரிடோஸ்டிக்மினும் ஒரே குடும்பம், இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் அதனாலேயே தசை பலவீனமாகும்.

ஒரு பழைய செய்தி. 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோய் தசையைச் செயலிழக்கச் செய்யும் குராரே விஷம் ஏறியது போலவே இருக்கிறதே என்று யோசித்து, குராரேவுக்கு முறிமருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்தார். தொங்கிய இமை எழுந்தது. எட்டு வருடம் கழித்து, 1942இல் மான்ட்ரியலில், அதே குராரேவை வேண்டுமென்றே கொடுத்துத் தசையைத் தளர்த்தி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார்கள். உங்கள் நோயும் என் தொழிலும் அப்போதிருந்தே உறவு.


பாதிப்படிப்பு எழுதியது:

மயக்கவியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கோடைமழை அக்காவுக்கு முதல் இரவு வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? பழைய பாடத்தில் நோய் 6 வருடத்துக்கு மேல், பைரிடோஸ்டிக்மின் நாளுக்கு 750 மில்லிகிராமுக்கு மேல், மூச்சுக் கொள்ளளவு 2.9 லிட்டருக்குக் கீழ், கூடவே நுரையீரல் நோய் என்று மதிப்பெண் போடுவார்களே, அது இன்னும் செல்லுமா?


இரவுப்பணி எழுதியது:

தேர்வுக்குச் செல்லும். :) நோயாளிக்கு, அது கேள்வி கேட்க நினைவூட்டும் ஒரு பட்டியல், அவ்வளவே. பேசும்போது மூக்கால் பேசுகிறாரா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இதைக் கேட்டுவிட்டு அப்புறம் எண்களைப் பார்.

கட்டைவிரல் அசைவைப் பார்க்கும் கருவியைத் தசை தளர்த்தி போடுவதற்கு முன்பே மாட்டிப் பதிந்துகொள். நான்கு மின்தூண்டல் அடுத்தடுத்துக் கொடுப்போம். சாதாரணமாக நான்காவது அசைவு முதல் அசைவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் டியூபை எடுப்போம். மையஸ்தீனியா உள்ளவருக்கு மருந்து போடும் முன்பே அது அதற்குக் கீழே இருக்கக்கூடும். தொடக்க எண் தெரியாமல் முடிவில் 90க்குக் காத்திருந்தால் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான்.


பாதிப்படிப்பு எழுதியது:

சரி சார். பக்கவாதம் வந்தவருக்கு அந்தக் கருவியை எந்தக் கையில் மாட்டுவது? விளங்காத கை சும்மாதானே கிடக்கிறது, ரத்த அழுத்தப் பட்டையும் சலைன் லைனும் நல்ல கையில் இருக்கட்டும் என்று சீனியர் விளங்காத கையில் மாட்டச் சொன்னார்.


இரவுப்பணி எழுதியது:

மாட்டாதே. இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போகிறாய் என்றால் இதை எடுத்துக்கொள்.

நரம்பின் கட்டளை வராத தசை, ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. சந்திப்பு இடத்தில் மட்டும் இருக்க வேண்டியவை தசை முழுக்கப் பரவும், கருவில் இருந்த பழைய வகை ஏற்பிகளும் திரும்ப முளைக்கும். அந்தக் கையில் ரோகுரோனியம் சரியாகப் பிடிக்காது. நீ மின்தூண்டல் கொடுக்கிறாய், கட்டைவிரல் நான்கு தடவையும் துள்ளுகிறது. "இன்னும் தளரலையே" என்று இன்னொரு டோஸ் தட்டுகிறாய். அதே நேரம் மறுபக்கக் கையும் உதரவிதானமும் முழுக்க அடங்கிக் கிடக்கின்றன. கடைசியில் விளங்காத கட்டைவிரல் நன்றாகத் துள்ளுவதைப் பார்த்து டியூபை எடுத்தால் அவர் மூச்சு இழுக்க முடியாமல் திணறுவார். ரத்த அழுத்தப் பட்டையைக் காலுக்கு மாற்று, கருவி நல்ல கையில் இருக்கட்டும்.

அதே பெருகிய ஏற்பிகள்தான் சக்சினைல்கோலினுக்கும் காரணம். சாதாரண ஆளுக்கு அது பொட்டாசியத்தை அரை அலகு போல ஏற்றும். பக்கவாதத்தில் கைகால் விழுந்து இரண்டு மூன்று நாள் கடந்தவர், தண்டுவடம் அடிபட்டவர், கியான்-பாரே என்ற, நரம்பு பழுதாகிக் கைகால் விழும் நோய் வந்தவர், நெடுநாள் அசையாமல் படுத்தவர் என்றால் மொத்தத் தசையும் ஒரே நேரத்தில் பொட்டாசியத்தைக் கொட்டி இதயத்தை நிறுத்திவிடும். இவர்களுக்கு அதைத் தொடாதே.


முதுகெலும்பு எழுதியது:

பக்கவாதம் வந்த எத்தனை மாதத்துக்குப் பின் மூட்டு மாற்று செய்யலாம்? ஒன்பது மாதம் காத்திரு என்று திருப்பி அனுப்புகிறார்கள். நோயாளி வலியில் கிடக்கிறார், நடக்காமல் இருந்தால் அதுவும் ஆபத்துதானே?


இரவுப்பணி எழுதியது:

ஒன்பது மாதம் என்பது 2014இல் வந்த டென்மார்க் ஆய்விலிருந்து வருகிறது. ஏறத்தாழ 4,81,000 அறுவை சிகிச்சைகளை அலசினார்கள். முதல் மூன்று மாதத்தில் ஆபத்து உச்சம், ஒன்பது மாதம் வாக்கில் சமநிலைக்கு வருகிறது. அமெரிக்க இதய சங்கத்தின் 2021 அறிக்கை குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒன்பது என்றது. அடுத்த வருடமே அமெரிக்க முதியோர் தரவில் 90 நாளிலேயே சமநிலை வந்துவிடுவதாக இன்னொரு ஆய்வு. ஆக, மூன்று மாதத்துக்குள் தள்ளிப்போடக்கூடிய எதையும் தொடாதீர்கள். மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில் பேசி முடிவெடுக்க இடம் உண்டு. வலியில் முடங்கிக் கிடப்பவரை எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சாய்நாற்காலியின் அப்பா மாதிரி எலும்பு முறிவு என்றால் இந்தக் கணக்கே பொருந்தாது, காத்திருப்பதுதான் அங்கே ஆபத்து.


கேள்விக்குறி எழுதியது:

மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம். டாக்டர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, நாங்கள் எதை நம்புவது?


வார்டு_அக்கா எழுதியது:

ஒத்துப்போகாத இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று சொல்கிறாரே, அதை நம்புங்கள் சகோ.


நடைபயிற்சி எழுதியது:

இயன்முறை மருத்துவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம். பார்க்கின்சனுக்கு மூளைக்குள் மின்முனை வைத்தவர்களுக்கு ஷார்ட்வேவ் டயதெர்மி (அலை மூலம் உள்ளே சூடு கொடுக்கும் சிகிச்சை) அறவே கூடாது. மின்முனை சூடாகி மூளையையே பொசுக்கிவிடும். தோள் வலிக்குத்தானே என்று வருவார்கள், நெஞ்சில் இருக்கும் கருவியைப் பற்றி அவர்களே சொல்ல மாட்டார்கள். தியேட்டரிலும் இதே சிக்கல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று கை குலுக்கல். கை கொடுத்தால் பிடித்த பிடியை விட முடியாமல், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்நெற்றி வழுக்கை, அரைக்கண் மூடினாற்போல் இமை. பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஒரு நோய் இருப்பதே தெரியாது.


இரவுப்பணி எழுதியது:

மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி, சுருங்கிய தசை சட்டென்று விரியாத நோய். அருமையாகப் பிடித்தீர்கள். இப்படிப்பட்டவர் பித்தப்பைக் கல் என்று வருவார், யாரும் கை குலுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். சக்சினைல்கோலின் போட்டால் தாடை பூட்டிக்கொள்ளும், டியூப் போட முடியாது. தசை தானாகவே சுருங்குவதால் தளர்த்தி கொடுத்தாலும் விடாது. குளிரும் நடுக்கமும் அதைக் கிளப்பும், எனவே மேசையைச் சூடாக வைப்போம். மார்ஃபின் வகை மருந்துக்கு மூச்சு சீக்கிரம் அடங்கும். இதய மின்கடத்தல் பழுதும் கூடவே இருக்கும், ஈசிஜி பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

மூளை மின்முனை பற்றி: ஆமாம். தியேட்டரில் வெட்டும்போது ரத்தம் நிறுத்தும் மின்கருவியில் இருமுனை வகை மட்டும், அல்லது கருவியை அணைத்துவிட்டு மிகுந்த எச்சரிக்கையோடு. அணைத்தால் நடுக்கம் திரும்ப வரும், அதனால் எப்போது அணைப்பது, யார் திரும்ப இயக்குவது என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.


சக்கரம் எழுதியது:

கழுத்துக்குக் கீழே தண்டுவடம் அடிபட்டு சக்கர நாற்காலியில் இருக்கிறேன். சிறுநீர்ப்பையில் கல். அங்கே எனக்கு உணர்வே கிடையாது, பிறகு எதற்கு மயக்கம் என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு "வேணும்" என்று மட்டும் சொன்னார். நேரமில்லை போல.


இரவுப்பணி எழுதியது:

வலி உங்களுக்குத் தெரியாது, உங்கள் தண்டுவடத்துக்குத் தெரியும். நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவடத் துண்டுக்கு மேல் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை விரிந்தாலே கீழே உள்ள ரத்தக்குழாய்கள் எல்லாம் சுருங்கிவிடும். அதை அடக்கும் மூளையின் கட்டளை இடையில் அறுந்துவிட்டது. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். தலை வெடிப்பது போல வலி, முகம் சிவந்து வியர்க்கும், நாடி மெதுவாகும். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். உங்களுக்கு ஸ்பைனல் நன்றாகவே பொருந்தும், அந்தக் கீழ்ப்பாதை முழுவதையும் அது அடைத்துவிடும்.

வீட்டிலும் இப்படி வந்தால் முதலில் நிமிர்ந்து உட்காருங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், கதீட்டர் மடங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். அப்படியும் தணியவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவு.


சக்கரம் எழுதியது:

முகம் சிவந்து வியர்ப்பது எனக்கு அடிக்கடி வரும்! கதீட்டர் மாற்றும் நாளில்தான். இதுவரை சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


இரவுப்பணி எழுதியது:

இதை உங்கள் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வலிப்பு பற்றித் தனி மடலில் சிலர் கேட்டிருந்தார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நாளன்றும் மாத்திரை உண்டு. வலிப்பு வருவதற்கு மயக்க மருந்தைவிடத் தவறிய மாத்திரையும் தூக்கமின்மையும்தான் பெரிய காரணம். ஃபெனிடோயின், கார்பமசெபைன் நெடுநாள் எடுப்பவர்களுக்கு ரோகுரோனியம் சீக்கிரமே தீர்ந்துபோகும், அதற்கு நாங்கள் தயாராக இருப்போம். வலி மருந்தில் பெதிடினும் டிரமடாலும் தவிர்ப்பது நல்லது. வலிப்பைக் குறைக்க மாவுச்சத்து மிகக் குறைத்த கீட்டோ உணவில் இருக்கும் குழந்தை என்றால் குளுக்கோஸ் சலைன் கூடாது, சர்க்கரை கலந்த சிரப்பும் கூடாது. சிரப்பை யாரும் யோசிப்பதே இல்லை.


பெயர்_பிறகு எழுதியது:

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். என் பையனுக்கு டூஷேன் தசைச்சிதைவு. 11 வயது. கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டும். பல் கிளினிக்கிலேயே கொஞ்சம் வாயு கொடுத்துத் தூங்கவைத்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். போகலாமா?


இரவுப்பணி எழுதியது:

அது என்ன வாயு என்று முதலில் கேளுங்கள். செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டூஷேனில் தசையின் மேலுறை ஏற்கெனவே ஓட்டை. மயக்க வாயுவும் சக்சினைல்கோலினும் அந்தத் தசையைச் சிதைத்துப் பொட்டாசியத்தைக் கொட்டவைக்கும், குழந்தைகளின் இதயம் நின்றுபோன சம்பவங்கள் உண்டு. சிறுவர்களுக்கு சக்சினைல்கோலினை வழக்கமாகப் போடக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது, நோய் கண்டறியப்படாத இந்த மாதிரிப் பையன்களால்தான். நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் என்றால் அது வேறு கதை. ஆனாலும் 11 வயதில் இதயமும் மூச்சும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் கிளினிக் நாற்காலியில் வேண்டாம்.

முதலில், மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுப் பல்லை எடுக்க அவனால் ஒத்துழைக்க முடியுமா என்று கேளுங்கள். பல பையன்களால் முடியும். முடியாது என்றால் ஐசியு உள்ள மருத்துவமனையில், நரம்பு வழியாக மட்டும் மயக்கம் கொடுத்து, வாயு போன இயந்திரத்தை முன்கூட்டியே சுத்தம் செய்துவிட்டு எடுக்க வேண்டும். இரண்டு பல்லையும் ஒரே தடவையில்.


பெயர்_பிறகு எழுதியது:

பல் டாக்டர் "நைட்ரஸ் மட்டும்" என்றுதான் சொன்ன ஞாபகம். நாளைக்குக் கேட்டுவிடுகிறேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக எடுக்கணுமா?


இரவுப்பணி எழுதியது:

எடுங்கள். மூச்சுத்திறன் சோதனையும் சேர்த்து. ஸ்டீராய்டு எடுக்கிறான் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள், அன்று கூடுதலாகத் தர வேண்டியிருக்கும். ரிப்போர்ட் வந்ததும் தேதியோடு இங்கே போடுங்கள், பெயரை மறைத்துவிட்டு.


சாய்நாற்காலி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாளை காலை முதல் கேஸாக அப்பாவை எடுக்கிறார்கள், ஸ்பைனல். கேஸ் ஷீட்டில் நான்கு பெயரையும் எழுதியாகிவிட்டது. 5.30 மாத்திரைக்கு நர்ஸிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கும் அலாரம் வைத்திருக்கிறேன்.


வார்டு_அக்கா எழுதியது:

5.15க்கு வையுங்கள். 5.30 வாக்கில் ஷிஃப்ட் ஒப்படைப்பு நடந்துகொண்டிருக்கும்.